பூகம்பக் கணக்கும் பொதுஜனங்களும்

இத்தாலி தேசத்து லாக்விலா நகரில் 2009-ம் வருஷம் ஏப்ரல் 6-ந் தேதி விடியுமுன் நேர்ந்த பூகம்பத்தில் 309 பேர் மாண்டனர். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பிருந்தே அப்பிரதேசத்து ஜனங்கள் அடுத்தடுத்து வந்த சிற்றதிர்ச்சிகளால் கலங்கியிருந்தனர். மார்ச் 31-ந் தேதி நிபுணர் சபை அங்கே கூடிற்று. அதையொட்டி சர்க்கார் அதிகாரி ஒருவர், பூமியின் உட்சக்தி இவ்வாறு சிறிது சிறிதாக வெளிப்பட்டுவிடுவது நன்மையே என்று அபயமளித்தார். அவ்வாறு சொல்ல அவருக்கு ஆதாரம் யாது?

ஆதாரம் ஒன்றுமில்லை. 6 அளவுள்ள பூகம்பம் ஒன்றின் சக்தி வெளிப்பட 4 அளவுள்ள அதிர்ச்சிகள் ஆயிரம் வேண்டும். இருந்த சாஸ்திரமோ மாறாகவே சொல்லிற்று. ஜப்பானில் 1891-ம் வருஷத்துப் பெரும் பூகம்பத்திற்குப் பின்வந்த அதிர்ச்சிகளை ஆராய்ந்த ஓமோரி, அவை நாளாக நாளாக ஒரு கணக்கிற்கு உட்பட்டே குறைகின்றன என்று 1894-ல் வெளியிட்டார். அதை அடிப்படையாகக் கொண்டு ஒகாட்டா 1988-ல் புதிய முறையொன்றை வகுத்தார். அதன்படி ஒவ்வோர் அதிர்ச்சியும் தாயாகிப் பல சேய்களை ஈனும். சேய்களும் அவ்வாறே ஈனும். சேய் பெரும்பாலும் தாயினும் சிறிது; எப்போதாவது தாயை விஞ்சும் சேயும் பிறக்கும். எப்போது, எத்தனை, எவ்வளவு பெரிது என்பவற்றைக் கணிப்பொறியானது தாயக்கட்டை உருட்டுவதுபோல் உருட்டி, ஆயிரக்கணக்கான கற்பனைத் தொடர்களை ஆக்குகிறது. அவற்றுள் பேரதிர்ச்சி கண்டவை எத்தனை என்று எண்ணினால், வரும் வாரத்தின் அபாயம் விகிதமாகக் கிடைக்கும். நாளும் நாழிகையும் குறித்துக்கொடுக்கும் ஜோசியமன்று இது. அப்படிக் குறிப்போரை நாம் நம்புவதற்கில்லை.

ஒரு சங்கடமுண்டு. சிற்றதிர்ச்சிகள் மலியும்போது அபாயம் வழக்கத்தினும் நூறு மடங்கு உயரலாம். உயர்ந்தும் நூற்றுக்கு ஒன்றை எட்டாமலிருக்கலாம். இதற்காக ஊரையே காலிசெய்ய எந்தச் சர்க்காராலும் இயலாது என்பது வாஸ்தவமே. ஆயின் பழைய கல்வீட்டில் குழந்தைகளோடு வசிப்பவன், ஓரிரவு வெளியே படுப்பதற்கு அதுவே போதுமென்று கருதலாம். அம்முடிவு அவனுடையது, கணக்கை அவனிடமிருந்து மறைக்க எவருக்கும் பாத்தியதை இல்லை.

2012-ல் ஆறு விஞ்ஞானிகளுக்கும் அவ்வதிகாரிக்கும் தலைக்கு ஆறு வருஷச் சிறை விதிக்கப்பட்டது. பூகம்பத்தை முன்னறியாததற்காக அல்ல, பொய்த் தைரியம் அளித்ததற்காகவே வழக்கு. 2014-ல் அப்பீல் கோர்ட்டு விஞ்ஞானிகளை விடுவித்து, அதிகாரியின் தண்டனையை இரண்டு வருஷமாகக் குறைத்தது. இதற்கிடையே, இத்தாலி சர்க்கார் நியமித்த சர்வதேச நிபுணர் கமிஷன், அபாய விகிதத்தை இடையறாது ஜனங்களுக்குத் தெரிவித்துவர வேண்டுமென்று சிபார்சு செய்தது. பூகம்பத்துக்கு இலக்கான சகல தேசத்துச் சர்க்கார்களும் இச்சிபார்சைத் தாமதமின்றி அமலுக்குக் கொண்டுவரவேண்டும்.