சைக்கிள் வந்தால் கிராமம் பிழைக்குமா? தாய்லாந்து சாலைகள் சொல்லும் கதை

தாய்லாந்து என்றதும் நம் நினைவுக்கு வருவது என்ன?

பாங்காக் நகரம். பளபளக்கும் புத்தர் கோவில்கள். புக்கெட் தீவின் கடற்கரை.

2024-ம் ஆண்டில் சுமார் 3 கோடியே 55 லட்சம் வெளிநாட்டார் அந்த நாட்டுக்குப் போனார்கள். அவர்களில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். இவர்களில் பெரும்பாலோர் பார்ப்பது பாங்காக், பட்டாயா, புக்கெட், சியாங் மாய் என்ற சில ஊர்களைத்தான்.

அவர்கள் கொண்டுவரும் பணமும் அந்த ஊர்களிலேயே இறங்கிவிடுகிறது. வயல் நடுவே இருக்கும் கிராமத்துக்குப் போய்ச் சேருவது சொற்பம்.

ஆனால் இன்னொரு வகைப் பயணிகளும் இருக்கிறார்கள். அவர்கள் சைக்கிளில் போகிறவர்கள். எண்ணிக்கையில் குறைவு. ஆனாலும் கிராமத்து ஜனங்கள் முகம் தெரிந்து பழகும் உல்லாசப் பயணிகள் இவர்கள்தான்.

பஸ் நிற்காத ஊர்

காரணம் எளிது. சுற்றுலா பஸ் ஒரே மூச்சில் 200 கிலோமீட்டர் ஓடிவிடும். வழியில் இருக்கும் ஊர்கள் அதற்கு வெறும் பெயர்ப் பலகைகள்.

சைக்கிளில் போகிறவருக்கு ஒரு நாளில் 60, 70 கிலோமீட்டர் போதும். அதற்குள் அவருக்குத் தாகம் எடுக்கும். பசி எடுக்கும். டயர் பஞ்சர் ஆகும். பொழுது சாய்ந்தால் படுக்க இடம் வேண்டும். ஒவ்வொரு தேவைக்கும் யாரோ ஒரு கிராமத்தார் கையில் காசு விழுகிறது.

இளநீர் விற்கும் கிழவிக்கு, சேமியா சூப் விற்கும் தள்ளுவண்டிக்காரருக்கு, நான்கு அறை வைத்து விடுதி நடத்தும் குடும்பத்துக்கு அது வருமானம்.

எண்ணைப் பார்த்து வழி தேடலாம்

தாய்லாந்துச் சாலை எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒற்றை இலக்கம் என்றால் மிகப் பெரிய நெடுஞ்சாலை. நான்கு இலக்கம் என்றால் சிறிய சாலை. முதல் இலக்கம் திசையைச் சொல்லும். 1 என்றால் வடக்கு. 2 என்றால் வடகிழக்கு. 4 என்றால் தெற்கு.

எண் நீண்டால் லாரி குறையும். சைக்கிள்காரருக்கு இதுதான் பால பாடம். நம் நாட்டைப் போலவே அங்கும் வண்டிகள் இடது பக்கம்தான் போகின்றன.

வடகிழக்கில் 211-ம் எண் சாலையை எடுத்துக்கொள்வோம். அது மீகாங் ஆற்றின் கரையோரமாகப் போகிறது. ஆற்றுக்கு அக்கரை லாவோஸ் நாடு. சியாங் கான் என்ற ஊரிலிருந்து நோங் காய் வரை சுமார் 200 கிலோமீட்டர்.

சியாங் கானில் பழைய மர வீடுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பல இன்று தங்கும் விடுதிகள். விடியற்காலையில் புத்த பிட்சுக்கள் தெருவில் வரிசையாக வருவார்கள். வீட்டு வாசலில் அமர்ந்து ஜனங்கள் அவர்களுக்குச் சோறு இடுவார்கள்.

வழியில் ஸ்ரீ சியாங் மாய் என்ற சிற்றூர். அங்கே அரிசி மாவில் மெல்லிய தாள் போல வார்த்து, மூங்கில் தட்டிகளில் வெயிலில் காயவைப்பார்கள். நம் ஊரில் அப்பளம் காய்வதைப் பார்ப்பது போல் இருக்கும்!

முடிவில் நோங் காய். அங்கே ஆற்றைக் கடக்கும் நட்புறவுப் பாலம் 1994-ல் திறக்கப்பட்டது.

பேரன்களும் பாட்டிகளும்

இந்த வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நாட்டின் பரப்பில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் ஏழ்மை மிகுந்த பகுதி. பெரும்பாலும் மழையை நம்பிய நெல் விவசாயம்.

வாலிபர்களும் பெண்களும் வேலை தேடி பாங்காக் போய்விடுகிறார்கள். டாக்சி ஓட்டுகிறார்கள். ஆலைகளில் வேலை செய்கிறார்கள். ஊரில் மிஞ்சுவது தாத்தா, பாட்டி, பேரக் குழந்தைகள்.

நாடு முழுவதிலுமே பிறப்பு குறைந்து வருகிறது. 2024-ல் பிறந்த குழந்தைகள் 5 லட்சத்துக்கும் குறைவு. இளைஞர்கள் திரும்பாவிட்டால் வயலைப் பார்ப்பவர் யார்?

உள்ளூரிலேயே பிழைப்பு இருந்தால் சிலராவது தங்குவார்கள். சியாங் மாய் அருகே மே கம்போங் என்ற மலைக் கிராமம் இதற்கு ஒரு சாட்சி. 2000-ம் ஆண்டு முதல் அந்த ஊரார் தங்கள் வீடுகளிலேயே விருந்தினரைத் தங்கவைத்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கைப் பொது நிதியில் சேர்த்தார்கள். ஊர் நிமிர்ந்தது. பிறகு கார்கள் குவிந்து நெரிசலும் வந்தது. கூட்டம் அளவோடு வந்தால்தான் லாபம் என்பதும் அந்த ஊர் தரும் பாடமே.

சாலையில் நிற்கும் எமன்

இவ்வளவு நன்மை இருந்தும் சைக்கிள் பயணிகள் ஏன் பெருகவில்லை?

முதல் காரணம், உயிர்ப் பயம்.

சாலை விபத்தில் தாய்லாந்துக்கு உலகிலேயே கெட்ட பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் சுமார் 18,000 பேர் சாலையில் மாண்டார்கள். கொரோனாவால் நடமாட்டம் குறைந்திருந்த ஆண்டிலேயே இப்படி! நாள் ஒன்றுக்கு சுமார் 50 உயிர்கள். இறப்பவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள்.

2013 பிப்ரவரியில் பாங்காக்கின் கிழக்கே ஒரு துயரம் நடந்தது. உலகைச் சுற்றி வரச் சைக்கிளில் கிளம்பிய பிரிட்டிஷ் ஜோடி, வண்டி மோதி இறந்தார்கள். 2015 பிப்ரவரியில் கோராட் மாகாணத்தில் இன்னொரு துயரம். ஐந்து கண்டங்களைச் சைக்கிளில் சுற்றிய சிலி நாட்டுக்காரர், பிக்கப் வண்டி மோதி இறந்தார். கூட வந்த மனைவியும் குழந்தையும் காயத்தோடு தப்பினார்கள்.

பல நாடுகளைக் கடந்து வந்தவர்களுக்கே இந்தக் கதி!

கண்ணை மறைக்கும் புகை

இரண்டாவது காரணம், புகை.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை குளிர்ந்த காலம். சைக்கிளுக்கு ஏற்ற காலம். ஆனால் ஆண்டு பிறந்ததும் வயல்களில் தீ வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். வைக்கோல், கரும்புச் சோகை, சோளத் தட்டை எல்லாம் எரிகின்றன. காட்டுத் தீயும் சேர்கிறது. எல்லைக்கு அப்பாலிருந்தும் புகை வருகிறது. 2023 மார்ச்சில் சில நாட்கள், உலகில் காற்று மிகக் கெட்ட நகரம் என்ற பெயர் சியாங் மாய்க்கு வந்தது.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வைக்கோலை ஆள் வைத்து அள்ளக் கூலி வேண்டும். தீக்குச்சிக்குக் கூலி இல்லை!

வேண்டியது என்ன?

தாய்லாந்தில் சைக்கிள் ஆசை இல்லாமல் இல்லை. 2015 ஆகஸ்டில் ராணியின் பிறந்தநாளை ஒட்டி நடந்த சைக்கிள் ஊர்வலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அன்றைய இளவரசரே, இன்றைய மன்னர், முன்னால் ஓட்டிச் சென்றார். பாங்காக் விமான நிலையத்தை ஒட்டி 23 கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ள தனிச் சைக்கிள் பாதை உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நகரத்தார் உடற்பயிற்சிக்குச் சுற்றிவரும் பாதை. ஈசான் கிராமத்துக்கு அதனால் என்ன லாபம்?

கிராமச் சாலைக்கு வேண்டியது ஆடம்பரம் அல்ல. ஓரத்தில் அகலமான இடம் வேண்டும். ஊர் எல்லையில் வேகம் குறைய வேண்டும். குடித்துவிட்டு ஓட்டுகிறவரைப் போலீஸ் தயங்காமல் பிடிக்க வேண்டும். லட்சம் பேருக்கு 25 என்று 2021-ல் இருந்த சாவை 2027-க்குள் 12 ஆக்குவது தாய்லாந்து சர்க்காரின் திட்டம். காகிதத்தில் உள்ள எண் சாலையில் தெரிய வேண்டும்.

"விரல் விட்டு எண்ணக்கூடிய வெளிநாட்டாருக்காக இவ்வளவு செலவா?" என்று சிலர் கேட்கலாம்.

வெளிநாட்டார் ஒரு நாள் வந்து மறுநாள் போய்விடுவார். அதே சாலையில் தினமும் பள்ளிக்கூடம் போவது கிராமத்துப் பிள்ளை. சந்தைக்குப் போவது அவன் பாட்டி. சைக்கிள் பயணி பயமில்லாமல் போகும் சாலையில்தான் அவர்களும் பயமில்லாமல் போக முடியும்.

விருந்தாளிக்காகப் போடும் விளக்கு வீட்டாருக்கும் வெளிச்சம் தரும் அல்லவா?