மரை வற்றலும் மண்சட்டியும்

மாரி தொடங்கிவிட்டது. குடாநாட்டின் ஒழுங்கைகள் யாவும் வாய்க்கால்களாகிவிட்டன. வெளியே செல்ல வழியின்றி அடுப்பங்கரையை நாடும் இக்காலத்திலே, மச்சம் உண்ணும் வீடுகளில் நெடுநேரம் அடுப்பிலிருந்து இறங்கிய இறைச்சிக் கறியின் மணம் வேலி கடந்து அயலுக்கும் வருவதுண்டு. இக்கிழமை அதனைப் பற்றியே எழுத விழைகின்றோம்.

சைவக் குடும்பத்திற் பிறந்த ஆசிரியர் ஒருவருக்கு இப்பொருள் ஏற்றதோ என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. வள்ளுவர் புலான்மறுத்தலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆறுமுக நாவலரும் புலால் உண்ணலைக் கடிந்தார். எனினும், நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் மச்சச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் பின்னர் மீண்டும் அடுப்பில் ஏற்றும் சைவ வீடுகள் எம்மூரிற் பல உள. எமது வீடும் அவற்றுள் ஒன்று. உள்ளதை மறைத்து எழுதுவதிற் பயனில்லை.

இரு கிழமைகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வன்னியிலிருந்து முதல் பேருந்தில் ஒருவர் எம் வீட்டுக்கு வந்தார். கையிலே மூடியிட்ட பனையோலைப் பெட்டி ஒன்று இருந்தது.

“அண்ணை, அம்மா தந்து விட்டவ. மரை வற்றல். உங்களுக்கு நல்ல விருப்பமெண்டு இப்பவும் சொல்லுறவ” என்று அதனை எம்மிடம் நீட்டினார்.

வாங்கக் கை எழவில்லை. மறுக்க நாவும் எழவில்லை. ஏன் என்பதை வாசகர்கள் அறிய வேண்டுமாயின், அந்தப் பெட்டியை அனுப்பிய அம்மையார் எமக்கு யார் என்பதை முதலிற் சொல்ல வேண்டும்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் வீடுவாசலைத் துறந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்கு நடந்தனர். அந்தச் சனத்திரளில் நாமும் இருந்தோம். அன்று எமக்கு வயது 15. மறு ஆண்டு ஏப்ரலில், கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து வன்னிக்குச் சென்றோம். முத்தையன்கட்டுக் குளத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரிலே, முன்பின் அறியாத ஒரு குடும்பம் தம் தலைவாசலை எமக்கு ஒழித்துத் தந்தது. அவ்வீட்டுத் தலைவியை நாம் ‘மாமி’ என்று அழைத்தோம். அவர் பக்கத்தில் மூவர், எம் பக்கத்தில் ஐவர். ஆக எட்டு வாய். அரிசியோ அளந்து போடும் நிலையில் இருந்தது.

நாம் சென்ற அன்று மாலை, அடுப்புக்கு மேலே புகை படும் பரணிலிருந்து மாமி நான்கு துண்டு மரை வற்றலை எடுத்தார். சுடுநீரில் ஊறவிட்டு உப்பைப் போக்கக் கழுவினார். அம்மியில் வைத்து மெல்லத் தட்டி நாரை இளக்கினார். மண்சட்டியிலே வெங்காயம், உள்ளி, மிளகு, மஞ்சள் என்பவற்றோடு அதனை இட்டு, மூழ்க நீர் விட்டு, பாலை விறகின் தணலில் ஏற்றினார். அதன் பின்னர் எழுந்து வேறு வேலை பார்க்கச் சென்றுவிட்டார். பசியோடிருந்த நாம் மூடியைத் திறந்து பார்ப்பதும், விறகைத் தள்ளி நெருப்பைப் பெருக்குவதுமாக இருந்தோம்.

“நெருப்பு அவசரப்பட்டால் இறைச்சி கோவிக்கும், தம்பி” என்று சொல்லி, மாமி அவ்விறகை வெளியே இழுத்து வைத்தார்.

பொழுது சாய்ந்த பின்னரே மரவள்ளிக்கிழங்கு சட்டியுட் சென்றது. உண்ண அமர்ந்தபோது இறைச்சி எது, கிழங்கு எது என்று பிரித்தறிய இயலவில்லை. நான்கு துண்டு வற்றலின் சாரம் எட்டுப் பேரின் கிழங்கிலும் ஏறியிருந்தது. அவ்வீட்டில் நாம் இருந்த மாதங்களில் அந்தச் சட்டி எத்தனை முறை எம் பசியை ஆற்றியது என்பதை எண்ணிச் சொல்ல இயலாது.

மாமி கூறியதன் விளக்கத்தைப் பின்னாளில் உயிரியல் கற்றபோதுதான் நாம் அறிந்தோம். விலங்கின் தசைநார்களைக் கட்டி வைத்திருப்பது கொலாஜன் என்னும் புரதம். ஓடியும் நடந்தும் திரியும் விலங்கின் கால்களிலும் தோள்களிலும் இது மிகுதி. வயது முதிர முதிர இது மேலும் உறுதியடையும். ஈரமான வெப்பத்தில், ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேலே, இக்கொலாஜன் சிறிது சிறிதாகக் கரைந்து ஜெலற்றீனாக மாறுகின்றது. கறிக்குக் கொழுமையைத் தருவது அதுவே. ஆனால் அம்மாற்றத்துக்கு நாழிகை பல வேண்டும். அவசரப்பட்டு நெருப்பைப் பெருக்கினால், கொலாஜன் கரையுமுன்னரே தசைநார்கள் இறுகித் தம் சாற்றைப் பிழிந்துவிடும். இறைச்சி ‘கோவிப்பது’ என்பது இதுதான். மண்சட்டி வெப்பத்தை மெதுவாக வாங்கி மெதுவாக விடுவதனால், இப்பணிக்கு அதனினும் ஏற்ற கலம் அரிது.

இந்த அறிவு எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஹங்கேரி நாட்டின் ‘குலாஷ்’ என்னும் மாட்டிறைச்சிக் குழம்பு, சமவெளியில் மந்தை மேய்த்தவர்களின் உணவு. அச்சொல்லே மாட்டு மேய்ப்பரைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. அயர்லாந்தின் எளிய குடியானவர்கள் ஆட்டிறைச்சியை உருளைக்கிழங்கோடும் வெங்காயத்தோடும் நெடுநேரம் அவித்து உண்டனர். எம் அயலிலுள்ள கத்தோலிக்க, இஸ்லாமிய இல்லங்களில் மாட்டிறைச்சியும் இம்முறையிலே பக்குவமாவதுண்டு. சைவ இல்லங்களிலோ மாடு அடுப்புக்கு வருவதில்லை. தைப்பொங்கலின் மறுநாள் தொழுவத்தில் நின்று பட்டிப்பொங்கல் பெறுகின்றது. உண்ணும் பொருள் வேறுபடினும் செய்யும் முறை ஒன்றே. கடினமான இறைச்சியும் குறைந்த கைப்பொருளும் நிறைந்த பொறுமையும் எங்கே கூடினவோ, அங்கெல்லாம் இத்தகைய சட்டி ஒன்று அடுப்பேறியது.

கிடைத்ததைக் கெடாமற் காப்பதும் இக்கலையின் ஒரு கூறு. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை கைதியாக இருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளிவந்த தம் நூலிலே, வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி அதனுள் இறைச்சியை இட்டு, களிமண்ணால் வாயை அடைத்துப் பஞ்ச காலத்துக்கெனச் சேமித்து வைத்ததைக் குறிப்பிடுகின்றார். வன்னி வீடுகளின் பரணில் தொங்கிய வற்றலும் அதே முன்யோசனையின் பயனே. அடர்காடு இல்லாத குடாநாட்டுக்கு அது ஆனையிறவைத் தாண்டி, உறவினர் கையிற் பண்டமாக வந்தது.

இவையெல்லாம் உண்மையே. ஆயின், அன்று காலை பனையோலைப் பெட்டியை எதிரில் வைத்துக்கொண்டிருந்தபோது வேறு சில உண்மைகளும் எம் மனத்தில் நின்றன.

இந்நாட்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது; பின்னர்ப் பன்முறை திருத்தப்பட்டது. இன்று மரையைக் கொல்வதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றமாகும். சட்டத்தை விட்டுவிட்டு விலங்கை நோக்கினும் நிலைமை அதுவே. இலங்கையின் மான் இனங்களுள் மரையே மிகப் பெரியது. அது பொதுவாக ஓர் ஈற்றில் ஒரு கன்றையே ஈனும். ஆகவே இழந்த தொகையை விரைவில் ஈடுசெய்ய அதனால் இயலாது. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2008ஆம் ஆண்டு தொடக்கம் இவ்வினத்தை அழிவை எதிர்நோக்கக்கூடிய இனங்களுள் வைத்துள்ளது. காட்டிலே சிறுத்தைக்கு இரையாவனவற்றுள் மரையும் ஒன்று. மரை அருகினால் அதன் பசி ஊரை நோக்கித் திரும்பும்.

வேட்டையின் முறையும் மாறிவிட்டது. கம்பிச் சுருக்குக்கும் கட்டுத்துவக்குக்கும் தம்மிடம் வருவது யாதென்று தெரியாது. 2020ஆம் ஆண்டு மே மாதம், மலையகத்தின் நல்லதண்ணிப் பகுதியிலே, காண்டற்கரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்கிற் சிக்கி மீட்கப்பட்டும், சில நாட்களில் இறந்துபோயிற்று. சிறுத்தைக்கென அச்சுருக்கை வைத்தவர் எவரும் இரார்.

உணவுச் சங்கிலியைப் பற்றி மாணவர்களுக்கு வகுப்பில் எடுத்துரைப்பது எமது தொழில். வீட்டிலே மரை வற்றலைச் சட்டியில் ஏற்றிவிட்டு, மறுநாட் காலை கரும்பலகையின் முன் எவ்வாறு நிற்பது? மற்றொரு புறம், எம் குடும்பத்துக்குச் சோறிட்ட கையின் அன்பளிப்பை எவ்வாறு திருப்பி அனுப்புவது? எம் இல்லாளைப் பார்த்தோம். “வேண்டாமெண்டு சொல்லுறது கஷ்டமில்லை. மாமிக்கு ஆர் சொல்லுறது?” என்றார் அவர்.

ஈற்றில், உள்ளதை உள்ளபடியே வந்தவரிடம் சொன்னோம். 1996இல் அச்சட்டியில் உண்டதற்கு நாம் வெட்கப்படவில்லை. அன்று அது உயிர் காத்தது. இன்று சந்தையில் ஆடும் கோழியும் கிடைக்கும்போது மரையை உண்பதற்கே வெட்கப்படுகின்றோம் என்றோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இது ஆரோ வைச்ச சுருக்கிலை பட்டது, அண்ணை. இப்ப மரை கண்ணிலை படுறதே குறைவு” என்றார். அவர் முகம் வாடியதை நாம் கவனியாமலில்லை. சரியான செயல் எப்போதும் இனிமையான செயலாக அமைவதில்லை.

அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் ஒப்பவில்லை. மாலைப் பேருந்து வரை நேரம் இருந்தது. சந்தைக்குச் சென்று முற்றிய கிடாயின் தொடையும் தோளுமாக, எலும்போடு 1 கிலோ இறைச்சி வாங்கி வந்து, மாமியின் முறைப்படியே சமைத்தோம். விரும்பும் வாசகர்கள் செய்து பார்க்கலாம்.

சின்ன வெங்காயம் 200 கிராம், உள்ளி 10 பல்லு, இஞ்சி ஒரு துண்டு, கறிவேப்பிலை, சிறிது கறுவா, 3 கராம்பு என்பவற்றை மண்சட்டியில் நல்லெண்ணெய் விட்டு வதக்குக. இறைச்சியையும் மஞ்சளையும் இட்டுக் கிளறி, இறைச்சி விடும் நீரிலேயே சிறிது நேரம் வேக விடுக. பின்னர் வறுத்திடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள் 3 மேசைக்கரண்டி சேர்த்து, இரண்டாம் தேங்காய்ப்பாலைச் சூடாக்கி இறைச்சி மூழ்கும்படி விடுக. ஒருமுறை கொதி கண்டதும் விறகை வெளியே இழுத்துத் தணலை மட்டும் விடுக. எரிவாயு அடுப்பாயின் மிகக் குறைத்து வைக்க. மேற்பரப்பில் இடையிடையே ஒரு குமிழி எழுந்தடங்குவதே அளவு. இவ்வாறு 2 மணித்தியாலம் செல்ல வேண்டும். இறக்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் உருளைக்கிழங்கையோ மரவள்ளிக்கிழங்கையோ துண்டுகளாக இட்டு, அளவாக உப்பிடுக. கடைசியாக முதற்பால் அரைக் கோப்பை விட்டு, கொதிக்க விடாது இறக்குக. தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடுதல் வேண்டும். எட்டுப் பேருக்கு இது போதும். மாமியின் கணக்கும் அதுவே.

வந்தவர் எம்மோடிருந்து உண்டார். அடுக்குச்சட்டியில் மாமிக்கென ஒரு பங்கை நிரப்பிக் கொடுத்தோம். பனையோலைப் பெட்டியையும் அவர் எடுத்துச் சென்றார். அன்றிரவு எமக்கு உறக்கம் செவ்வனே வரவில்லை.

இதனை இங்கே எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய உணவைக் காப்பது என்றால் பழைய பொருளைத் தேடிச் செல்வது என்றே பலர் கருதுகின்றனர். காட்டிற் சுருக்கு வைப்பவர்களுக்கு ஊக்கம் அளிப்பதும், ‘முன்னர் உண்டதுபோல் ஒருமுறை’ என்னும் அந்த ஆசையே. அம்மரபின் உயிர் மரையில் இல்லை. நான்கு துண்டை எட்டுப் பேருக்கு ஆக்கிய கையில் உளது. தணலின் முன் காத்திருக்கும் பொறுமையில் உளது. அவற்றை ஆட்டிறைச்சியிலும் காக்கலாம். மச்சம் உண்ணாதோர் பலாக்கொட்டையையும் வாழைக்காயையும் கொண்டும் காக்கலாம். அழிந்துவரும் விலங்கொன்றின் மேல் அம்மரபை ஏற்றி வைத்தால், விலங்கோடு சேர்ந்து அதுவும் அழியும்.

மூன்று நாட்கள் கழித்துத் தொலைபேசி ஒலித்தது. மாமியின் குரல். நெஞ்சு படபடக்கக் காத்திருந்தோம். வற்றலைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“இறைச்சி நல்லாய் அவிஞ்சிருக்கு, தம்பி. நெருப்பை அவசரப்படுத்தேல்லை. ஆனா உப்புக் காணாது. தைக்கு நான் வந்து காட்டித் தாறன்.”

தைக்கு இன்னும் இரண்டு மாதங்கள் உள. மண்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கின்றோம்.