வலி போனால் போதுமா?

எங்கள் அண்டை வீட்டுப் பிள்ளை கபடியில் சூரன். ஒரு நாள் ஆட்டத்தில் சட்டென்று திரும்பியபோது முழங்காலுக்குள் 'டப்' என்று சப்தம் கேட்டது. ஜவ்வு அறுந்துவிட்டது. ரண சிகிச்சை நடந்து இப்போது நாலு மாதமாகிறது. சென்ற வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே பெரிய விவகாரம் நடந்துகொண்டிருந்தது.

"அடுத்த மாதம் திருவிழாப் பந்தயம், மாமா! இப்போது வலியே இல்லை. ஆடினால் என்ன?" என்றான் பிள்ளை.

"ஆட்டமும் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்" என்றாள் தாயார்.

இரு கட்சியும் தவறு என்பதே என் தீர்ப்பு.

முதலில் பிள்ளையின் கட்சியைப் பார்ப்போம். அறுந்த ஜவ்வுக்குப் பதிலாக, பெரும்பாலும் நோயாளியின் தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ ஒரு தசைநாரை எடுத்து, எலும்பில் துளையிட்டுப் பொருத்துகிறார்கள். நாற்றைப் பிடுங்கி நட்டால் முதலில் வாடிப் பிறகுதானே வேர் பிடிக்கிறது? இந்த நாரும் அப்படித்தான். நட்டபோது இருந்த பலம்கூட முதல் சில மாதங்களில் அதற்கு இருப்பதில்லை. புதிய இரத்தக் குழாய்கள் அதனுள் வளர்ந்து, அது உண்மையான ஜவ்வைப் போல் ஆவதற்கு ஒரு வருஷமோ, அதற்கு மேலுமோ ஆகும். வலியோ அதற்கு வெகு முன்பே போய்விடுகிறது. அபாயமே இங்கேதான் இருக்கிறது!

தாயாரின் கட்சியும் செல்லாது. அசையாமல் கிடந்தால் சில வாரங்களிலேயே தொடைத் தசை சூம்பிவிடும். முழங்கால் விறைத்து, நேராக நீட்ட வராது. ஆகையால் முதல் சில நாட்களிலேயே காலை முழுதும் நீட்டவும், தொடையை இறுக்கித் தளர்த்தவும் வைத்தியர் பழக்குகிறார். வீக்கம் வடிந்து நடை சரியான பிறகு ஊன்றுகோலை விடலாம். அப்புறம் நிலைச் சைக்கிள், உட்கார்ந்து எழுதல், படியேறுதல் என்று வரிசையாக வரும். வீக்கமில்லாமல் தொடையும் வலுப்பெற்றிருந்தால் மூன்று, நாலு மாதத்துக்குப் பிறகு நேர் ஓட்டம். குதிப்பதும் சட்டென்று திரும்புவதும் அதற்கும் பின்புதான்.

பந்தயத்துக்கு எப்போது? ஒன்பது மாதத்துக்கு முன்பு கூடாது. 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒன்பதாம் மாதம் வரையில் பொறுத்திருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயம் படுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்ததாகக் கண்டார்கள். மாதக் கணக்கு மட்டும் போதாது. தொடையின் வலுவிலும் ஒற்றைக் காலால் தாவும் தூரத்திலும், நல்ல காலின் அளவில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்காவது இந்தக் காலுக்கு வந்திருக்க வேண்டும்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டின் கதையைப் பிள்ளைக்குச் சொன்னேன். 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் முழங்கால் முறிந்தாற்போலாகி, தூக்குப் படுக்கையில் வெளியே சென்றவர் அவர். 2018-ல் ஜகார்த்தாவில் தங்கம் வென்று, ஆசியப் போட்டியில் தங்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்தப் பெண்மணியானார். 2023 ஆகஸ்டில் இடது முழங்காலின் ஜவ்வு அறுந்து மீண்டும் ரண சிகிச்சை. அடுத்த மாதம் தொடங்கிய ஆசியப் போட்டியில் தம் தங்கத்தைக் காக்க வேண்டுமென்ற ஆசையைத் துறந்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், பாரிஸ் ஒலிம்பிக்கில் முந்திய ஒலிம்பிக் சாம்பியனான யுய் சுசாகியை வீழ்த்தினார். பிறகு எடை மிகுந்து பதக்கம் கைநழுவியது வேறு கதை. கால் அவரைக் கைவிடவில்லை!

பிள்ளை சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அம்மா, பயிற்சிக்கு நேரமாகிறது. அந்த நாற்காலியை இப்படி நகர்த்து" என்றான்.

தாயார் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் நாற்காலியை நகர்த்தினாள்.