பாட்டிற்கும் பாயிரம் வேண்டும்

இலக்கணங் கற்றார் எவரும் நூல் மூவகைப்படும் என்பதை அறிவர். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று பவணந்தியார் அவற்றை நன்னூலில் வகுத்துள்ளார். முன்னோர் நூலின் முடிபைத் தழுவித் தாம் வேண்டிய வேறுபாடுகளையும் சேர்த்துக் கூறுவது வழிநூல். முன்னோர் கூறியவற்றுள் ஒரு சிறு பகுதியை மாத்திரம் பற்றிக்கொண்டு ஏனையவற்றில் வேறுபட்டுச் செல்வது சார்புநூல். பிறர் பொருளை எடுத்தாளுதலை நம் முன்னோர் குற்றமெனத் தள்ளினாரல்லர். அதற்கென ஓர் இடத்தை ஒதுக்கி, அதற்குப் பெயரும் இட்டனர். ஆயின் அதனோடு ஒரு கடப்பாட்டையும் விதித்தனர். நூலின் முகப்பில் நிற்கும் சிறப்புப்பாயிரம் எட்டுச் செய்திகளை உணர்த்துதல் வேண்டும் என்றனர். அவ்வெட்டனுள் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அஃதாவது அந்நூல் எதன் வழியாக வந்தது என்பது.

இவ்விதியை இக்காலத்து நடனப் பாட்டிற்குப் பொருத்திப் பார்த்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். பொப் இசைக்கும் நன்னூலுக்கும் யாது தொடர்பு என அன்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயின் நம் பிள்ளைகள் நாடோறுங் கேட்பது அவ்விசையையே. அது களவா, கலையா என்னும் வழக்கும் பல வீடுகளில் நடைபெறுகின்றது. வழக்கென்று வந்துவிட்டால், தீர்ப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் அன்றோ? அவ்வளவுகோல் நம் கையிலேயே உள்ளது என்பது நமது கருத்து.

முதலில் அத்தொழில் நடைபெறும் முறையைக் காண்போம். முன்னரே பதிவான ஒரு பாட்டிலிருந்து சில வினாடி நேரத் துண்டொன்றை வெட்டியெடுத்து வேறொரு பாட்டிற் பதித்தலைச் 'சாம்பிள்' செய்தல் என்பர். ஒலியை எண்களாக மாற்றி நினைவில் வைத்துக்கொள்ளும் பொறிகள் 1980களில் இசைக்கூடங்கள் தோறும் பரவின. ஜப்பானிய நிறுவனமாகிய அக்காய் 1988இல் வெளியிட்ட 'எம்.பி.சி. 60' என்னும் பொறியின் முகத்தில் பதினாறு இறப்பர் அழுத்திகள் இருந்தன. ஒவ்வோர் அழுத்தியிலும் ஒவ்வோர் ஒலித்துண்டை ஏற்றி, மத்தளம் வாசிப்பார் போல விரல்களால் தட்டி வாசிக்கலாம். ஒரு துண்டை ஓயாது சுழன்று ஒலிக்கச் செய்யலாம். அதன் விரைவைக் கூட்டலாம். சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். பின்னிருந்து முன்னாகவும் ஒலிக்கச் செய்யலாம். இன்று இவ்வளவையும் ஒரு மடிக்கணினியே செய்து முடிக்கின்றது.

இவ்வாறு அமையும் பாட்டுகளுள் ஒருவகை விளம்பரத்தின் பொருட்டே செய்யப்படுவது. பெருந் தொகுப்பொன்று வெளிவருமுன், அதன் வரவை அறிவிக்க ஒரு பாட்டைத் தனியே அனுப்புவர். நடன மண்டபங்களில் இசைத்தட்டுச் சுழற்றுவோர்க்கே அது முதலிற் சென்று சேரும். முன்னாளில் அது பன்னிரண்டு அங்குல இசைத்தட்டாகச் சென்றது. அத்தட்டின் நடுவில் ஒட்டிய வெள்ளைத்தாளில் பெரும்பாலும் எழுத்தே இராது. பாடியவர் பெயரும் இராது. கேட்போர் சில வினாடிகளுக்குள் எழுந்து ஆடுதல் வேண்டும். யார் பாட்டு இஃது என வினவுதல் வேண்டும். இவ்விரண்டுமே அதன் பயன். ஆகவே செவியைச் சட்டெனப் பற்றும் ஒலித்துண்டொன்றைத் தேடிக் கண்டெடுத்தலே அதனை ஆக்குவோரின் முதல் வேலையாகின்றது.

இதற்கு நமக்கு அணித்தான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. எம்.ஐ.ஏ. என்னும் பெயரால் உலகறிந்த மாதங்கி அருள்பிரகாசம் 1975இல் இலண்டனிற் பிறந்து, குழந்தைப் பருவத்தை யாழ்ப்பாணத்திற் கழித்து, போர்ச் சூழலில் 1986இல் மீண்டும் இலண்டன் சென்றவர். தந்தையார் பெயரால் 'அருளர்' என்னும் தொகுப்பை 2005இலும், தாயார் பெயரால் 'கலா' என்னும் தொகுப்பை 2007இலும் வெளியிட்டார். அவருடைய அரசியற் கருத்துகளை ஈண்டு நாம் ஆராயப் புகவில்லை. அவர் தொழில் செய்த முறையே நமக்குரிய பொருள்.

'கலா' வெளிவருதற்கு முந்திய ஆண்டு, அதற்குக் கட்டியமாக ஒரு பாட்டை அவர் உலவவிட்டார். பறவைக் காய்ச்சல் எனப் பொருள்படும் 'பேர்ட் ஃபுளூ' என்பது அதன் பெயர். அதன் உயிர்நாடி உறுமிமேளம். உறுமி இருமுகமும் இடுங்கிய இடையும் உடைய தோற்கருவி. ஒரு முகத்தை வளைந்த கோலால் தேய்த்து உறுமச் செய்வர். மறுமுகத்தைக் கோலால் அடிப்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்த் திருவிழாக்களிலும் இழவு வீடுகளிலும் ஒலிப்பது அது. அவ்வொலியை அவர், ஆர். பி. பட்நாயக் இசையமைத்த 'ஜெயம்' (2003) என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருவிழாப் பாட்டொன்றிலிருந்து எடுத்தார். அதனோடு கோழிகளின் கூவலையும் சிறுவரின் ஆரவாரத்தையும் சேர்த்தார். மேலே தம் குரலை ஏற்றினார். இனிய இராகமென்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தாளமே பாட்டாகி நிற்கின்றது. பாட்டின் ஆக்கியோர் வரிசையில் பட்நாயக்கின் பெயரும் இடம்பெற்றது.

தொகுப்பின் ஏனைய பாட்டுகளிலும் இம்முறையே காணப்படும். 'தளபதி' (1991) படத்திற்கு இளையராஜா அமைத்த பாட்டொன்றின் துண்டு தொடக்கப் பாட்டில் ஒலிக்கின்றது. 'டிஸ்கோ டான்சர்' (1982) என்னும் இந்திப் படத்திற்காகப் பப்பி லாகிரி அமைத்த பாட்டொன்று புதுக்கோலம் பூண்டு வருகின்றது. எல்லாவற்றிலும் பெரும்புகழ் பெற்ற 'பேப்பர் பிளேன்ஸ்', 'தி கிளாஷ்' என்னும் ஆங்கிலேயக் குழு 1982இல் வெளியிட்ட பாட்டொன்றின் மீது எழுப்பப்பட்டது. அக்குழுவினர் நால்வர் பெயரும் அதன் ஆக்கியோர் பெயர்களோடு பொறிக்கப்பட்டன. 2008இல் அமெரிக்க விற்பனை வரிசையில் அது நான்காம் இடத்தை எட்டியது.

இதனைச் சோம்பேறிகளின் தொழில் என்பாரும் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஒட்டு மாங்கன்று கட்டும் தோட்டக்காரரை எவரும் சோம்பேறி எனக் கூறுவதில்லை. எந்தக் கிளையை எந்த அடிமரத்தில், எந்த வேளையில் வைத்துக் கட்டினாற் பொருந்தும் என்னும் அறிவு அவருக்கு வேண்டும். சென்னைத் திரைப்படப் பாட்டிற் கிடந்த உறுமியொலி இலண்டன் நடன மண்டபத்தை அசைக்கும் என்பதைக் கேட்டவுடன் அறிதற்கும் அத்தகைய செவியே வேண்டும். அது கலையே. நன்னூலார் வகுப்பில் அது சார்புநூலுக்குரிய இடத்தைப் பெறும்.

களவு என்னும் சொல் பொருந்தும் இடம் வேறு. அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்னும் சிறு குழுவினர் 1969இல் 'ஆமென், பிரதர்' என்னும் இசையைப் பதிவு செய்தனர். அதன் இடையே ஏனைய கருவிகள் ஓய, கிரெகரி கோல்மன் என்னும் கலைஞரின் முரசு மாத்திரம் ஆறேழு வினாடிகள் தனித்து ஒலிக்கின்றது. பிற்காலத்தில் அச்சிறு துண்டை வெட்டி ஒட்டி ஆயிரக்கணக்கான பாட்டுகள் செய்யப்பட்டன. 'ஜங்கிள்' என இங்கிலாந்தில் 1990களில் எழுந்த நடன இசைவகை முழுவதும் அதன் மீதே நின்றது எனினும் மிகையாகாது. விளம்பரங்களிலும் அது ஒலித்தது. கோல்மனுக்கு அதனால் ஒரு காசும் வந்ததில்லை. 2006இல் அவர் வீடற்றவராய் இறந்தார். குழுத் தலைவர் ரிச்சட் ஸ்பென்சர் செய்தியறிந்த காலத்தில் வழக்குத் தொடுக்கும் தவணையும் கடந்திருந்தது. 2015இல் இசையன்பர் சிலர் பொதுமக்களிடம் திரட்டிய இருபத்து நாலாயிரம் பவுணே அவர் கைக்கு வந்தது.

சட்டம் இதனைத் தீர்க்காதா எனலாம். 1991இல் நியூயோர்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்னும் பாடகர் அநுமதியின்றிப் பிறர் பாட்டின் துண்டை எடுத்தது களவே எனத் தீர்த்தது. அதன்பின் அநுமதி பெறுதல் பெரு நிறுவனங்களின் வழக்கமாயிற்று. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று எத்துணைச் சிறு துண்டிற்கும் அநுமதி வேண்டும் என்றது. 2016இல் பிறிதொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மடோனாவின் 'வோக்' பாட்டிலுள்ள கால் வினாடி அளவான ஊதுகருவி ஒலியைப் பற்றிய வழக்கில் அதற்கு மாறாகத் தீர்த்தது. சட்டம் இங்ஙனம் இருபக்கமும் சாய்கின்றது. மேலும் அஃது உடைமையாளனைக் காப்பதேயன்றி, உண்டாக்கியவனைத் தேடிச் செல்வதில்லை. உடைமையாளன் பெரும்பாலும் இசைத்தட்டு நிறுவனமே. மேளத்தை அடித்த கைக்கு அச்சட்டத்தில் இடம் அரிது.

ஈண்டே பாயிர விதியின் சிறப்புப் புலப்படுகின்றது. அது விலையைப் பற்றிப் பேசவில்லை. பெயரைப் பற்றிப் பேசுகின்றது. பெயர் தெரிந்தாலன்றி நன்றி கூறுதற்கும் வழியில்லை, கூலி கொடுத்தற்கும் வழியில்லை. 'பேர்ட் ஃபுளூ' பாட்டை இவ்விதியால் அளந்து பார்ப்போம். ஆக்கியோன் பெயர் உண்டு, வழியும் உண்டு, பட்நாயக் பெயர் கூறப்பட்டது. அவ்வளவில் அப்பாட்டு நேர்மையுடையது. ஆயின் அத்திரைப்படப் பாட்டில் உறுமியை உறுமச் செய்தவர் யார்? நம் திரையிசைப் பாட்டுகளிற் பெரும்பாலானவற்றின் உறையில் இசையமைப்பாளர் பெயரும் பாடியோர் பெயரும் காணப்படும். தோற்கருவி இசைத்தோர் பெயர் காணப்படுவதில்லை. முதற்பதிவில் இல்லாத பெயரை இரண்டாம் பதிவு செய்பவர் எங்ஙனம் கூறுவார்? இலண்டனில் வெட்டி ஒட்டுபவரைக் குறை கூறுமுன், நாம் நம் முற்றத்தைப் பார்த்துக்கொள்ளுதல் தகும்.

நம் நாட்டில் தவில் வித்துவானுக்குப் பெயருண்டு. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் பெயரை, அவர் 1975இல் மறைந்த பின்னும், கடல்கடந்த சபைகளும் போற்றுகின்றன. அவர்க்கு அது தகும். ஆயின் அதே வீதியிற் பறை முழக்கியவர் பெயரை நம்மிற் கூறவல்லார் எத்தனைபேர்? அவர் கலை தாழ்ந்தது என்பதனாலன்று, அவர் பிறப்பைத் தாழ்ந்ததென நாம் கருதியமையால் அன்றோ அப்பெயர்கள் எழுதப்படாது போயின? இது கசப்பான செய்தியே. எனினும், பெயரை மறைத்தலில் நடன மண்டபத்து வெள்ளைத்தாளுக்கும் நமக்கும் வேறுபாடு பெரிதில்லை என்பதை ஒப்புக்கொள்ளாமல் இவ்வழக்கில் நாம் நடுவராதல் இயலாது.

இன்று ஊர்த் திருவிழாவும் விளையாட்டுப்போட்டியும் கைத்தொலைபேசியிற் பதிவாகி அன்றிரவே உலகெங்கும் செல்கின்றன. தொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் நம் பேரப்பிள்ளை ஒருவர் நாளை அதில் நான்கு வினாடிப் பறையொலியை வெட்டியெடுத்து ஒரு நடனப் பாட்டைச் செய்தல் கூடும். செய்யட்டும், நாம் மகிழ்வோம். அவர் நேர்மையாளராயின் வழி கூற விரும்புவார். அப்பொழுது அவர் கண்ணிற் படத்தக்க இடத்தில் பெயர் இருத்தல் வேண்டும். ஆகவே விழா நடத்துவோர்க்கும் பதிவு செய்து வெளியிடுவோர்க்கும் நாம் வேண்டுவது ஒன்றே. ஊரின் பெயரும் நாளும் எழுதும் இடத்தில், மேளம் அடித்தவர், பறை முழக்கியவர், உடுக்கடித்தவர் பெயர்களையும் எழுதுங்கள். செலவில்லாத வேலை, இரண்டு வரி போதும்.

எடுத்தாளுதல் குற்றமன்று. எடுத்த இடத்தைக் கூறாமையே குற்றம். கூறுதற்கு வேண்டிய பெயரை எழுதி வையாமை அதனினும் முந்திய குற்றம். பின்னையது நம் கையால் நிகழ்வது. அதனைத் திருத்துதலும் நம் கையிலேயே உள்ளது.