மொத்தப் பட்டியலும் போனுக்கு எதற்கு?

பட்டியல் கேட்டால் மொத்தத்தையும் அள்ளிக் கொட்டும் ஏபிஐ இனி வேண்டாம். என்னிடம் பராமரிப்புக்கு வந்த மருந்துக் கடைச் செயலியில், திரையில் 20 பெயர்களைக் காட்ட 40,000 வரிகள் இறங்கின. பழைய ஆண்ட்ராய்டு போன்கள் திணறின. டேட்டாவுக்குக் காசு கொடுப்பவர் கடைக்காரர். பக்கம் பிரிப்பது சர்வரின் பொறுப்பு; அதிகபட்ச அளவையும் அதுவே விதிக்க வேண்டும்.

பக்கம் பிரிக்க, ‘இத்தனை வரிகளைத் தாண்டிக் கொடு’ என்னும் ஆஃப்செட் போதும் என்பார்கள். போதாது. ஒரு லட்சம் வரிகளைத் தாண்டி 50 கேட்டால், போஸ்ட்கிரெஸ் அந்த லட்சத்தையும் படித்து ஒதுக்கிவிட்டுத்தான் 50-ஐத் தரும். புதியது மேலே வரும் பட்டியலில் இடையே ஒரு பதிவு நுழைந்தால், பார்த்த வரியே மறுபடி வரும். அதற்குப் பதிலாக, கடைசியாகக் கொடுத்த வரியின் எண்ணுக்கு அடுத்ததிலிருந்து கேட்டால், இன்டெக்ஸ் நேராக அங்கே கொண்டுபோய்விடும். ‘37-ஆம் பக்கம்’ என்று தாவ முடியாதுதான். எந்தக் கடைக்காரரும் அதைக் கேட்டதில்லை. பெயரை அடித்துத்தான் தேடுகிறார்கள்.