கேண்டீனில் சைவம், மேடையில் மாட்டுத்தோல்

அச்சன்புதூர்க்காரன் நான். தென்காசியில் பொதிகை ஏறினால் எழும்பூர்; பக்கத்திலேயே மியூசியம். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த ஈமப் பொருட்கள் அங்கே தமிழன் பெருமை. எங்க பக்கம் பிணக்குழி வெட்டுகிறவன் மட்டும் தீட்டு.

சபாக்கள் இன்னும் மோசம். மார்கழிக் கச்சேரிக்கு முன்னால் கேண்டீனில் கீரை வடை, காசி அல்வா, டிகிரி காப்பி. சுத்த சைவம்! உள்ளே போனால் மிருதங்கம். பசு, எருமை, ஆடு, மூணு தோலும் அதுல இருக்கு. அதை இழுத்துக் கட்டுறவங்க பெரும்பாலும் தலித் கிறிஸ்தவர்கள். வாசிக்கிறவருக்குப் பொன்னாடை, இவங்களுக்குக் கூலி.

இதைத்தான் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று எழுதினார். அதன் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியை 2020 ஜனவரியில் மத்திய அரசின் கலாக்ஷேத்ரா ரத்து செய்தது. புத்தகத்துல அரசியல் வாடை அடிக்குதாம். இத்தனை வருஷமா மேடையில மாட்டு வாடை மட்டும் அடிக்கலையா, சாமி?