அஞ்சாவது நல்ல ஊரும் மைனஸ் விலையும்

நம்ம சேலம், வாழ்றதுக்குத் தோதான ஊர்கள்ல இந்தியாவிலேயே அஞ்சாவது. நான் சொல்லலீங்க, மத்திய அரசு சொன்னது. 2020-க்கான பட்டியல், 2021 மார்ச்ல வெளிவந்துச்சு. பத்து லட்சத்துக்குக் கம்மியா ஜனம் இருக்குற ஊர்கள்ல சேலம் 5, வேலூர் 6, திருச்சி 10. முதலிடம் சிம்லா. 2018 கோடையில குடிதண்ணி இல்லாம, டூரிஸ்ட்டுங்க யாரும் வராதீங்கன்னு உள்ளூர்க்காரங்க கெஞ்சுன அதே சிம்லாதான். (அப்புறம் சரி பண்ணாங்க, அதையும் சொல்லிடணும்.)

எங்க எருமப்பட்டிக்கு எத்தனாவது இடம்னு கேக்காதீங்க. போட்டியில இருந்ததே மொத்தம் 111 ஊர்தான். ஸ்மார்ட் சிட்டிங்களும், பத்து லட்சம் தாண்டின நகரங்களும். நாமக்கல்லுக்கே அதுல சீட்டு கிடையாது, அப்புறம்தானே பேரூராட்சி :-)

பட்டியல் போடுறது மேல எனக்குக் கோவம் இல்ல. நானும் பொட்டி தட்டுறவன்தான். எண்ணுறதும் வரிசைப்படுத்துறதும்தான் ஆபீஸ்ல தினமும் புடுங்குற ஆணி. எதை எண்ணினாங்க, எதை விட்டாங்கன்னு ஒருத்தரும் கேக்காம ஃப்ளெக்ஸ் வைக்கிறாங்க பாருங்க, அங்கதான் பத்திக்கிட்டு வருது.

அந்தப் பட்டியல்ல நூத்துக்கு முப்பது மார்க் ஜனங்களோட அபிப்பிராயத்துக்கு. 32 லட்சம் பேர்கிட்ட கேட்டாங்களாம். எப்போ? 2020 ஜனவரி 16-ல இருந்து மார்ச் 20 வரைக்கும். அடுத்த வாரமே நாட்டைப் பூட்டிட்டாங்க. வேலை போயி, மூட்டையைத் தூக்கிக்கிட்டு நடந்தே ஊருக்குப் போனவன் நகரத்தைப் பத்தி என்ன சொல்லியிருப்பான்னு யாரும் திரும்பப் போய்க் கேக்கலை. ரிசல்ட்டு மட்டும் ஒரு வருஷம் கழிச்சு கேக் வெட்டுற மாதிரி வந்துச்சு.

வேலூரையே எடுத்துக்குங்க. நம்ம மாநிலத்துல காலேஜ் ஊருன்னா அதுதான். சி.எம்.சி. வருஷா வருஷம் மருத்துவத் தரவரிசையில மூணாவது இடத்துல நிக்குது, வி.ஐ.டி.க்கு நாடு பூரா இருந்து பசங்க வராங்க. படிப்புக்கும் பேரு, வாழ்றதுக்கும் ஆறாவது இடம். ஆனா பாலாறு? தோல் பட்டறைக் கழிவு சம்பந்தமா வேலூர்க் குடிமக்கள் போட்ட வழக்குல 1996-லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியாச்சு. 2025 ஜனவரியில மறுபடியும் நஷ்டஈடு குடு, ஆத்தைச் சரி பண்ணுன்னு அதே கோர்ட்டு சொல்ல வேண்டி வந்துச்சு. பட்டறைங்க வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம், மாநகராட்சி எல்லைக்கு வெளியில. பட்டியல் எண்ணுறது எல்லைக்கு உள்ள இருக்குறதை. ஆத்துக்கு வார்டு நம்பர் தெரியுமா?

இப்ப காலேஜ் சமாச்சாரம். 2016-ல இருந்து என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வருது. இதுக்கான கணக்கைப் பெரும்பாலும் குடுக்குறது அந்தந்த காலேஜேதான். பரீட்சை எழுதுறவனே மார்க் ஷீட்டையும் நிரப்பிக் குடுக்குற மாதிரி. சரிபார்க்காத தகவலை வச்சு ரேங்க் போடறாங்கன்னு ஒருத்தர் வழக்குப் போட்டு, 2025 மார்ச்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடையே விதிச்சுது. அப்புறம் தடை விலகி, செப்டம்பர்ல வழக்கம் போல பட்டியல் வந்துடுச்சு. நான் படிச்ச காலேஜ்ல (பேரு வேண்டாம்) ஆய்வுக் குழு வர்ற வாரம்தான் ஓடாத மெஷினுக்கெல்லாம் பெயின்ட் அடிப்பாங்க. பெயின்ட் காயறதுக்குள்ள குழு போயிடும்.

எங்க சித்தப்பா பொண்ணுக்கு இப்ப இன்ஜினியரிங் சேரணும். ஒரு காலேஜ் நோட்டீஸ்ல 'இந்தியாவின் தலைசிறந்த 200-ல் ஒன்று'ன்னு கொட்டை எழுத்து. அது 151-200 பட்டை. அதுக்குள்ள ரேங்க்கே கிடையாது, பேரை அகரவரிசையில போட்டிருப்பாங்கன்னு விளக்கினேன். கோழிப்பண்ணைக்காரர், சட்டுனு புடிச்சுக்கிட்டாரு. "ஏங்கண்ணு, முட்டைக்கு என்.இ.சி.சி. ஒரு விலை சொல்லுதுல்ல, ஆனா வியாபாரி பண்ணைக்கு வந்து மைனஸ் போட்டுத்தானே எடுக்கறான்? அப்ப இந்த ரேங்க்குக்கு மைனஸ் எவ்வளவு?"

நான் படிச்ச நாலு வருஷத்துல எந்த வாத்தியாரும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மைனஸ் தெரியறதுக்கு வழி இருக்குங்க. காலேஜ் அனுப்புன விவரத்தையே அதோட வெப்சைட்ல பி.டி.எஃப்.ஆ போட்டாகணும். மூலையில எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும், தேடணும். எத்தனை பேர் சேர்ந்தாங்க, எத்தனை பேர் குறிச்ச காலத்துல முடிச்சாங்க, எத்தனை பேருக்கு வேலை கிடைச்சுது, நடுச் சம்பளம் எவ்வளவுன்னு அதுல வரும். நடுச் சம்பளம்னா, வேலை கிடைச்சவங்களைச் சம்பள வரிசையில நிக்க வச்சா நட்ட நடுவுல நிக்கிறவன் வாங்கறது. ஃப்ளெக்ஸ்ல கோட்டு சூட்டோட சிரிக்கிற ஒத்தைப் பையனோடது இல்ல. பொய்யும் எழுதியிருக்கலாம்தான். ஆனா நோட்டீஸ்ல அடிக்கிற அளவுக்குத் துணிஞ்சு அதுல எழுத முடியாது.

எந்தப் பட்டியல்லயும் வராத கணக்கும் இருக்கு. காலேஜ் பஸ்ஸுக்காக விடியக்காலையில ரோட்டோரம் நிக்குற பொண்ணு, வீடு திரும்பறப்போ மணி என்ன? ஃபீஸுக்கு அடமானம் போன காடு திரும்பி வந்துச்சா?

ராத்திரி உக்காந்து அந்த பி.டி.எஃப்.-ஐத் தேடி எடுத்தோம். சித்தப்பா தீவன பில்லுக்குப் பின்னாடி நடுச் சம்பளத்தை எழுதி, பக்கத்துல நாலு வருஷ ஃபீஸையும் ஹாஸ்டலையும் கூட்டிப் போட்டாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, அந்தக் காலேஜ் பேர் மேல ஒரு கோடு கிழிச்சு, "அடுத்ததை எடு கண்ணு"ன்னாரு.